செய்மதிக்குத் தெரியாத கவ்வாத்து மலை

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். வனப் பாதுகாப்புத் திணைக்களம், நில அளவைத் திணைக்களம், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் என்று எங்கே இருந்தாலும், இலங்கை மலைநாட்டின் காட்டையும் மண்ணையும் நீரையும் செய்மதிப் படங்களின் உதவியோடு கவனிக்கிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். நான் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன், புவியியல் படித்தவன். அம்மா முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர்.

ஒரு மாசி மாதம் வீட்டுக்குப் போயிருந்தபோது, சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செய்மதி எடுத்த படத்தை மடிக்கணினியில் விரித்து எங்கள் தோட்டத்தை அம்மாவுக்குக் காட்டினேன். அது பசுமைக் குறியீடு கணக்கிட்ட படம். நல்ல இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். இரண்டையும் ஒப்பிட்டுத்தான் எங்கே செடி செழிப்பாக இருக்கிறது, எங்கே வாடுகிறது என்று சொல்கிறோம். படத்தில் ஒரு சரிவு முழுக்கச் செம்மண் நிறம். முந்தைய வருடப் படத்தில் அதே இடம் கரும்பச்சையாக இருந்தது. யாரோ அழித்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே குனிந்தார். "இது ஏழாம் நம்பர் மலையில்ல? தீவாளி கழிச்சு கவ்வாத்து வெட்டுனாங்க. தளிர்த்து வந்துரும்." புதிதாகத் தளிர்ப்பதற்காகத் தேயிலைச் செடியின் கிளைகளை வெட்டிவிடுவதுதான் கவ்வாத்து.

அப்புறம் அவர் விரல் படத்தின் மேல்மூலைக்குப் போனது. அங்கே நல்ல பச்சை. "கெட்டுப்போன எடம் இதுதான். தேயிலைய அப்படியே விட்டுட்டாங்க. மானாப்புல்லும் கொடியும் ஏறிக் கெடக்கு, கானெல்லாம் மண்ணு மூடிப்போச்சு."

அழிந்தது என்று நான் குறித்த இடம் ஆரோக்கியமாக இருந்தது. ஆரோக்கியம் என்று குறித்த இடத்தில்தான் ஆபத்து. கான் என்பது மலையில் வெட்டிவைத்த வடிகால். அது அடைபட்டால் மழைநீர் வழிந்தோட வழியில்லாமல் சரிவுக்குள்ளேயே இறங்கும். ஊறி ஊறி மண் கனக்கும். அந்தச் சரிவுக்கு நேர் கீழே ஒரு லயம், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசை, இருக்கிறது. செய்மதி பார்த்ததில் பிழை இல்லை, அது பச்சையைப் பச்சை என்றுதான் சொன்னது. அந்தப் பச்சைக்கு என்ன அர்த்தம் என்பது எனக்குத்தான் தெரியவில்லை. பைனஸ் தோப்பையும் யூகலிப்டஸ் தோப்பையும் கூட இந்தக் குறியீடு பச்சை என்றே காட்டும்; அவற்றுக்கும் இயற்கைக் காட்டுக்கும் உள்ள வித்தியாசம் அதன் ஒரு எண்ணில் அடங்காது.

இந்தத் தொழில்நுட்பத்தை நான் குறைத்துப் பேசவில்லை. லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செய்மதி வரிசை 1972 முதல் பூமியைப் படமெடுத்து வருகிறது, 2008இலிருந்து அந்தப் படங்கள் எல்லோருக்கும் இலவசம். மகாவலி, களனி, வளவை ஆறுகளுக்கு நீர் தருகிற ஹோட்டன் சமவெளியில் மரங்கள் பட்டுப்போவதை வருடாவருடம் மேலிருந்து பின்தொடர்வதற்கு இதைவிட மலிவான வழி ஏது? சென்டினல்-2 செய்மதிகள் ஐந்து நாளுக்கு ஒருமுறை, பத்து மீற்றர் துல்லியத்தில் நம் மலைகளைப் பார்க்கின்றன. ஆனால் அந்தப் பத்து மீற்றர்ப் புள்ளி ஒன்றுக்குள், பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்து அறைகள் எட்டு ஒன்பது அடங்கிவிடும்.

தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் ஐந்து நாள் என்ற கணக்கும் போய்விடுகிறது. வைகாசியிலிருந்து எங்கள் பக்கம் மேகம் விலகுவதே அபூர்வம். அதற்கு ரேடார் இருக்கிறது: 2014இல் ஏவப்பட்ட சென்டினல்-1 மேகத்தை ஊடுருவிப் பார்க்கும், நிலம் மில்லிமீற்றர் கணக்கில் நகர்வதையும் அளக்கும். சரி, ஆனால் செடிகொடி அடர்ந்த செங்குத்துச் சரிவில் அந்த அளவீடும் தடுமாறுகிறது. அங்கே கண்டுபிடிக்கிறவர்கள் மனிதர்கள்தான். சுவரில் புதிதாக வெடிப்பு விட்டிருக்கிறது, மழை இல்லாத நாளில் பீலியில், அதாவது ஊற்று நீர் விழும் குழாயில், தண்ணீர் கலங்கி வருகிறது, நேராக நின்ற மரம் சாய்ந்து நிற்கிறது என்பதெல்லாம் தண்ணீர் பிடிக்கப் போகிற பெண்களுக்கு முதலில் தெரியும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியாபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலைநாட்டில் எத்தனை சரிவுகள் இறங்கின என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

ஓர் அலுவலகத்தின் சுவரில் எங்கள் பகுதியின் அபாய வரைபடத்தைப் பார்த்தேன். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் இருந்தது, தமிழில் ஒரு சொல் இல்லை. தோட்டத்தின் டிவிசன் பெயர்களும் இல்லை. என்னோடு வந்திருந்த பக்கத்து வீட்டு அண்ணன், "நம்ம லயம் எந்தக் கலர்ல இருக்கு தம்பி?" என்று கேட்டார். படித்த எனக்கே விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. எட்டு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு அந்த லயத்தில் படுத்து எழும்புகிற மனிதர் அவர்.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். படத்தில் நிறம் மாறுகிற இடங்களைச் சரிபார்க்க உங்கள் ஆட்கள் தோட்டத்துக்கு வரும்போது, தோட்டத்து முகாமையாளரான துரையின் அலுவலகத்தோடு திரும்பிவிடாதீர்கள். கானும் கவ்வாத்தும் தெரிந்த பழைய தொழிலாளர்கள் இரண்டு மூன்று பேரை மலைக்குக் கூட்டிப்போங்கள், அந்த நாளுக்கு அவர்களுக்கு முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், போட ஏற்பாடு செய்யுங்கள். அது உங்கள் வேலைக்கான கூலிதானே? கவ்வாத்து வெட்டிய மலை எது, கைவிட்ட மலை எது என்ற பதிவைத் தோட்டங்களிடமிருந்து வருடம்தோறும் கேட்டு வாங்கி, படத்தோடு சேர்த்து வையுங்கள். முடிந்த வரைபடம் தமிழிலும் சிங்களத்திலும், ஏழாம் நம்பர் மலை, மேல் டிவிசன், பீலிக்கரை என்று எங்கள் வாயில் வருகிற பெயர்களோடு, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் தொங்கட்டும்.

அந்த மூடிப்போன கானை அம்மா இன்னும் காட்டத் தயாராக இருக்கிறார். வருவதென்றால் காலையிலேயே வாருங்கள். மத்தியானத்துக்கு மேல் மூடுபனி இறங்கிவிடும்.

அன்புடன்,
மஸ்கெலியாவிலிருந்து ஒரு தோட்டத்துப் பிள்ளை