ஸ்பிரிங்கைப் பார்த்து வாங்கு

கணபதி, கோயம்புத்தூர்

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுகிறேன். பையில் எப்போதும் போட்டுவைக்க ஒரு மடக்குக் கத்தி வேண்டும், எதை வாங்கட்டும் என்று போனில் கேட்டாய். அது போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை கண்ணு. டூல் ரூமில் வேலை பார்த்தவனிடம் கத்தியைப் பற்றிக் கேட்டுவிட்டாய், பொறுமையாகப் படி.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ இருக்கும் இங்கிலாந்தில் 1988ஆம் வருடச் சட்டப்படி, மடங்குகிற கத்தியாக இருந்து, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேல் போகாமல் இருந்தால், காரணம் எதுவும் சொல்லாமலே வெளியில் கொண்டுபோகலாம். ஆனால் விரித்ததும் லாக் ஆகிற கத்தியை அங்குள்ள நீதிமன்றங்கள் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. உன் சிநேகிதி காட்டினாளே லாக் வைத்த கத்தி, அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும், தகுந்த காரணம் இல்லாமல் தெருவில் வைத்திருந்தால் குற்றம். அவளிடமும் சொல்லிவிடு. ஆக உனக்கு ஆகிறது ஸ்லிப்ஜாயின்ட்தான். லாக் கிடையாது, ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் மட்டும் நிற்கிற கத்தி.

அந்த ஸ்பிரிங்கைத்தான் நீ பார்த்து வாங்க வேண்டும். கடைக்காரர்கள் எஃகின் பெயரைச் சொல்லித்தான் விற்பார்கள். நீ அதைக் கடைசியில் கேள்.

கைப்பிடியின் முதுகுப் பக்கம் நீளமாக ஒரு எஃகுப் பட்டை ஓடும். லாரிக்கு அடியில் இருக்கும் பட்டை மாதிரி அது வளைந்து கொடுத்து, அலகின் அடிக்கட்டையை அழுத்திக்கொண்டே இருக்கும். அடிக்கட்டையில் தட்டையாக ராவிய முகங்கள் உண்டு. விரித்த நிலையில் ஒரு முகம் ஸ்பிரிங்கில் பொருந்தும், மடக்கிய நிலையில் இன்னொன்று. சில கத்திகளில் பாதி வழியிலும் ஒரு முகம் இருக்கும். அங்கே அலகு ஒரு நொடி நின்று, பிறகுதான் மடங்கும். விரலை எடுத்துக்கொள்ள நேரம் கிடைப்பதால் எனக்கு அது பிடிக்கும். இந்த முகங்களை ராவுவதிலும் ஸ்பிரிங்கை அளவாகச் சூடாக்கி விறைப்பைக் குறைத்து டெம்பர் கொடுப்பதிலும்தான் கைவேலை தெரியும். அலகைப் போலவே ஸ்பிரிங்கையும் கெட்டியாக்கினால் வளையாமல் முறிந்துவிடும். சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் கத்திகளில், எஃகின் கெட்டித்தன்மையை அளக்கும் ராக்வெல் கணக்கில், அலகு 56, ஸ்பிரிங் 49. அந்த வித்தியாசம் கணக்குப் போட்டு வைத்தது.

கடையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடி. ஸ்பிரிங்குக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவில் கோடாக வெளிச்சம் தெரிந்தால் வைத்துவிடு. அலகை விரித்துப் பக்கவாட்டில் லேசாக ஆட்டிப் பார், ஆட்டம் இருக்கக் கூடாது. மடக்கினால் அலகு நடுவில் உட்கார வேண்டும், தகட்டில் உரசக் கூடாது. அப்புறம் சத்தம். விரிந்து முடியும்போதும் மடங்கி முடியும்போதும் 'டக்' என்று தெளிவாக விழ வேண்டும். தொளதொள என்று விரிந்தால் அந்தக் கத்தி விரலை நறுக்கும்.

ரொம்ப இறுக்கமும் வேண்டாம். லேப்பில் கையுறை போடுவதற்காக நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்கிறாய். பழைய மாதிரிக் கத்தியில் அலகின் பக்கவாட்டில் ஒரு நகக்குழி மட்டும்தான் இருக்கும், உனக்கு அது தினமும் தொந்தரவு. இப்போது வருகிற மாடல்களில் அலகிலேயே வட்டமாக ஓட்டை போட்டுவிடுகிறார்கள், கட்டைவிரலால் தள்ளித் திறக்கலாம். ஸ்பைடர்கோ கம்பெனியின் யூகே பென்நைஃப் அப்படித்தான். அந்த நாட்டுச் சட்டத்தை மனதில் வைத்தே செய்தது, அலகு 3 அங்குலத்துக்குள். அதில் எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. கூர் தொடங்கும் முன்னால் ஆள்காட்டி விரல் உட்கார ஒரு பள்ளம் இருக்கிறது. விரல் அங்கே இருக்கும்வரை, தப்பித்தவறி அலகு மடங்கினாலும் கூர் இல்லாத பகுதிதான் விரலில் முட்டும். லாக் இல்லாத கத்திக்கு இது எவ்வளவு பெரிய காரியம்!

இருந்தாலும் உனக்கு என் முதல் தேர்வு விக்டோரினாக்ஸ் கேடட். 84 மில்லிமீட்டர் நீளம், அலுமினியக் கைப்பிடி, சட்டைப்பையில் போட்டால் இருப்பதே தெரியாது. டப்பா திறக்க, ஸ்குரூ திருக, நகம் ராவ எல்லாம் அதிலேயே உண்டு. இன்னொரு காரணமும் இருக்கிறது. அந்த ஊரில் கத்திக்குத்துச் செய்திகளால் ஜனங்கள் பயந்துபோயிருக்கிறார்கள். பார்க்கில் உட்கார்ந்து நீ சுவிஸ் கத்தியில் ஆப்பிள் நறுக்கினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கறுப்புக் கைப்பிடிக் கத்தியை ஒற்றைக் கையில் விரித்தால் பார்ப்பார்கள். கேடட்டைக் கடையிலேயே உன் நகத்தால் திறந்து பார். முடியவில்லை என்றால் மட்டும் ஸ்பைடர்கோ.

சரி, எஃகு. எம்390 போன்ற பவுடர் எஃகுகள், அதாவது எஃகுத் தூளை அழுத்திச் செய்தவை, 60, 62 ராக்வெல் வரை போகும். கூர் நாளாகியும் நிற்கும், ஆனால் மழுங்கினால் வைரத் தகடு இல்லாமல் தீட்டுவது பெரும்பாடு. 56 என்றால் சாதாரணக் கல்லில் கொஞ்ச நேரத்தில் கூர் வந்துவிடும். அட்டைப்பெட்டியும் பழமும் வெட்டுகிறவளுக்கு அது போதும். எஃகின் பெயரைவிட அலகு எவ்வளவு மெல்லிசு என்பதுதான் முக்கியம். தடித்த அலகு ஆப்பிளை வெட்டாது, பிளக்கும். கார்பன் எஃகு எனக்குப் பிரியமானது. உன் அப்பாரு மடியில் வைத்திருந்த சூரி கார்பன்தான், மாட்டுக் கயிறு அறுக்க அதற்கு நிகர் இல்லை. ஆனால் அந்த மழை ஊரில் அது உனக்கு வேண்டாம், துருவோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

முனையால் குத்தித் துளை போடாதே. லாக் இல்லாத கத்தி கையில் மடங்குவது பெரும்பாலும் அப்போதுதான். கல்லில் பக்கத்துக்கு 15லிருந்து 20 டிகிரி சாய்த்துத் தீட்டு. மூட்டில் பஞ்சு சேர்ந்தால் வெந்நீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, ஒரே ஒரு சொட்டு மினரல் ஆயில் விடு. அம்மா கொடுத்தனுப்பிய தேங்காய் எண்ணெயை விடாதே, 24 டிகிரிக்குக் கீழே உறைந்து மூட்டை அடைத்துக்கொள்ளும்.

நீ இருப்பது ஷெஃபீல்டு என்பதில் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா. 1740களில் ஹன்ட்ஸ்மன் மூசையில், அதாவது உலோகம் உருக்கும் மண் குடுவையில், எஃகு உருக்கிய ஊர், 1913இல் ப்ரியர்லி துருப்பிடிக்காத எஃகு கண்ட ஊர். நம் நொய்யல் கரைக் கொடுமணலில் சங்க காலத்திலேயே மூசையில் எஃகு செய்த தடயம் தோண்டி எடுத்திருக்கிறார்கள். சென்னிமலை போகும்போது உன்னை அங்கே கூட்டிப்போக வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைக்கிறேன். உன் ஷெஃபீல்டில் கெல்ஹாம் ஐலண்டு மியூசியத்தில் பழைய கத்திக்காரர்களின் பட்டறைகளை வைத்திருக்கிறார்களாம். கடைக்குப் போகும் முன் ஒரு நடை பார்த்துவிட்டுப் போ, கத்தியை எப்படிக் கையில் எடுத்துப் பார்ப்பது என்று தானாகப் புரியும்.

ஊருக்கு வரும்போது கைப்பையில் வைத்துவிடாதே, ஏர்போர்ட்டில் பிடுங்கிக்கொள்வார்கள். செக்-இன் பெட்டியில் போடு. வாங்கியதும் வீடியோ காலில் போனுக்குப் பக்கத்தில் வைத்து விரித்து மடக்கிக் காட்டு, அப்பாவுக்கு அந்தச் சத்தம் கேட்க வேண்டும். அதுவரை பில்லைப் பத்திரமாக வைத்திரு, சரியில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அப்பா