விரும்பிய வேலை கிடைத்த பின்னும் நேர்காணலுக்குச் செல்லலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாம் பெரிதும் விரும்பிய நிறுவனத்திலிருந்தே பணிவாய்ப்பு வந்துவிட்ட நிலையில், ஏற்கெனவே ஒப்புக்கொண்ட மற்ற நேர்காணல்களுக்குச் செல்வது முறையாகுமா என்று தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் ஓர் இளைஞர் கேட்டிருந்தார். அதற்கு மறுமொழி எழுதிய ஒருவர், கிடைத்ததை வைத்துக்கொண்டு திருப்தி அடையாமல் அலைவது பேராசை என்றார். இன்னொருவர், புதிய அலுவலகத்தில் போய் உட்காரும் நாள்வரை எந்த நேர்காணலையும் விடக் கூடாது என்றார். ஆள்சேர்ப்புப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், இருவருமே கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டுவிட்டார்கள் என்பதைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். அந்த வாய்ப்பு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதே அந்தக் கேள்வி.

மனிதவளத் துறையிலிருந்து தொலைபேசியில் அழைத்து, "வாழ்த்துகள், நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள்" என்று சொல்லும்போது, பெரும்பாலும் அந்தப் பணியிடத்துக்கான சம்பளம் நிதிப்பிரிவின் ஒப்புதலுக்குக்கூடப் போயிருக்காது. ஒப்புதல் கிடைத்து ஆஃபர் லெட்டர் வந்த பின்னரும் வேலை முடிந்துவிடுவதில்லை. முதல் பக்கத்தில் பதவியையும் சம்பளத்தையும் பார்த்து மகிழ்கிறவர்கள், அடுத்த பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் பத்தியைப் பெரும்பாலும் படிப்பதில்லை. பின்புலச் சரிபார்ப்பு, கல்விச் சான்றிதழ்கள், முந்தைய நிறுவனத்தின் பணிவிடுவிப்புக் கடிதம், சில இடங்களில் மருத்துவத் தகுதிச் சான்று ஆகியவை திருப்திகரமாக அமைந்தால் மட்டுமே இந்த நியமனம் செல்லும் என்று அங்கே எழுதியிருக்கும். இந்த நிபந்தனைகளில் சில விண்ணப்பதாரரின் கையில் இல்லாதவை. முந்தைய மேலாளர் ஒருவர் விடுப்பில் போய்விட்டதாலேயே சரிபார்ப்பு வாரக்கணக்கில் இழுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த இடைவெளியில் நிறுவனம் சும்மா இருப்பதும் இல்லை. தேர்வுப் பட்டியலில் இரண்டாம் இடத்தில் இருப்பவருக்கு 'தேர்வாகவில்லை' என்ற மின்னஞ்சலை உடனே அனுப்ப மாட்டோம். முதலாமவர் பணியில் சேரும்வரை இரண்டாமவர் பெயருக்கு எதிரே 'நிறுத்திவைப்பு' என்றே குறித்து வைப்போம். அவர் தொலைபேசியில் விசாரித்தால், முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை என்பதே வழக்கமான பதில். நிறுவனம் தன்னைக் காத்துக்கொள்ள இப்படி ஒரு மாற்று ஏற்பாட்டை வைத்திருக்கும்போது, விண்ணப்பதாரர் மட்டும் முதல் தொலைபேசி அழைப்பிலேயே மற்றவற்றையெல்லாம் கைவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் நியாயம் இல்லை.

ஏற்றுக்கொண்ட பிறகும் வாய்ப்பு கைநழுவிப் போவது நடக்காத கதையன்று. 2022 ஜூன் மாதம், காயின்பேஸ் என்ற கிரிப்டோ நாணயப் பரிமாற்ற நிறுவனம், விண்ணப்பதாரர்கள் ஏற்றுக்கொண்டுவிட்ட பணிவாய்ப்புகள் பலவற்றையே திரும்பப் பெறுவதாகப் பகிரங்கமாக அறிவித்தது. அவர்களில் பழைய வேலையை ராஜினாமா செய்துவிட்டவர்களின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். அதற்கு வெகுகாலம் முன்பே, 1981இல், அமெரிக்காவின் மினசோட்டா மாநில உச்ச நீதிமன்றத்தின் முன் இதே சிக்கல் ஒரு வழக்காக வந்தது. தொலைபேசியில் வந்த பணிவாய்ப்பை நம்பி இருந்த வேலையை விட்டும், வேறோர் இடத்திலிருந்து வந்த வாய்ப்பை மறுத்தும் நின்ற ஒரு மருந்தாளுநரை, புதிய நிறுவனம் சேர்த்துக்கொள்ளவில்லை. அவரைப் பற்றிய பரிந்துரைகள் சரிவரக் கிடைக்காததால் வேறொருவரை நியமித்துவிட்டது. அவருக்கு இழப்பீடு பெற உரிமை உண்டு என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அந்த இழப்பீட்டை, புதிய இடத்தில் அவர் ஈட்டியிருக்கக்கூடிய சம்பளத்தைக் கொண்டு அளக்காமல், பழைய வேலையை விட்டதாலும் மற்ற வாய்ப்பை மறுத்ததாலும் அவர் இழந்ததைக் கொண்டே அளக்க வேண்டும் என்றது. வெற்றி பெற்றார் என்றாலும், நீதிமன்றப் படி ஏறிப் பெறும் இழப்பீட்டை நம்பி யாரும் வேலையை விட முடியாது.

ஆகவே, ஆஃபர் லெட்டர் எழுத்தில் கைக்கு வந்து, அதைப் படித்து, ஏற்பதாகப் பதில் அனுப்பும்வரை நேர்காணல்களைத் தொடர்வதில் தவறேதும் இல்லை என்பதே என் கருத்து. ஏற்பதாகக் கையெழுத்திட்ட பிறகு நிலைமை மாறிவிடுகிறது. அதன் பின்னும் நேர்காணலுக்குச் செல்கிறவர், தாம் வாக்குக் கொடுத்த நிறுவனத்தையும், தமக்காக நேரம் ஒதுக்கும் நிறுவனத்தையும் சேர்த்தே ஏமாற்றுகிறார். நேர்காணல் குழுவில் அமர்கிற மூவரும் தங்கள் அன்றாட வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு வருகிறவர்கள். அதைவிடப் பெரிய இழப்பு, அந்த இடத்துக்கு உண்மையிலேயே ஏங்கிக் காத்திருக்கும் வேறொருவருக்கு. நிபந்தனைகள் இன்னும் நிறைவேறவில்லையே என்ற கவலை இருந்தால் அதற்கான மருந்து வேறு: சரிபார்ப்பு முடிந்துவிட்டது என்று எழுத்தில் உறுதி வரும்வரை ராஜினாமா கடிதத்தைக் கொடுக்காமல் இருக்கலாம். பணியில் சேரும் தேதியை நிறுவனமே தக்க காரணம் சொல்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே போனால், வாக்கைத் தளர்த்தியது அவர்கள்தான். அப்போது மீண்டும் வேலை தேடத் தயங்க வேண்டியதில்லை.

கையெழுத்திடும் முன்னும் எல்லா நேர்காணலுக்கும் போகத்தான் வேண்டுமா என்றால், அதுவும் இல்லை. இந்த இடத்திலும் ஆஃபர் கொடுத்தால் அதை மனத்தார எடைபோட்டுப் பார்ப்பேனா என்று தம்மையே கேட்டுக்கொண்டு, இல்லை என்று தோன்றினால் அன்றே விலகிவிடுவது நல்லது. 'பயிற்சிக்காக' நேர்காணலுக்கு வருகிறவர்களை எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. அனுபவமுள்ள குழு அவர்களைப் பத்து நிமிடத்தில் அடையாளம் கண்டுகொள்ளும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். சம்பளத்தை ஏற்றிக் கேட்பதற்காகவே இன்னொரு ஆஃபரைத் தேடிப் போகிறவர்களும் உண்டு. விரும்பிய நிறுவனம் தரும் சம்பளம் போதவில்லை என்றால், எவ்வளவு எதிர்பார்க்கிறோம், ஏன் எதிர்பார்க்கிறோம் என்பதைக் கையெழுத்திடும் முன் அவர்களிடமே நேராகக் கேட்கலாம். கேட்டதற்காக ஆஃபரைத் திரும்பப் பெற்ற நிறுவனம் அரிது. போட்டிக்கு இன்னொரு கடிதத்தைக் காட்டி மிரட்டியவரை முதல் நாளிலிருந்தே சந்தேகத்தோடு பார்த்த மேலாளர்கள் பலர்.

மற்ற நிறுவனங்களிடம் இதை எப்படிச் சொல்வது என்பதில்தான் இளைஞர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். எனக்கு எழுத்துப்பூர்வமாக ஒரு பணிவாய்ப்பு வந்திருக்கிறது, இன்ன தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும், அதற்குள் தங்கள் தேர்வு முடிவு தெரிய வாய்ப்புண்டா என்று கேட்டால் போதும். நிறுவனத்தின் பெயரையோ சம்பளத்தையோ சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. அக்கறையுள்ள நிறுவனம் அடுத்த சுற்றை முன்னதாகவே நடத்திவிடும். முடியாது என்று சொன்னால் அதுவும் ஒரு விடைதான். விலகுவதென்றால் இரண்டு வரி மின்னஞ்சலே போதுமானது. சொல்லாமல் கொள்ளாமல் நேர்காணல் நேரத்தில் தொலைபேசியை அணைத்துவைப்பதுதான் பெயரைக் கெடுக்கும். ஆள்சேர்ப்பவர்களும் வேலை மாறுகிறவர்கள் என்பதால், அடுத்த முறை வேறொரு நிறுவனத்தில் அதே மனிதரே எதிரில் அமர்ந்திருக்கக்கூடும்.

இவ்வளவும் விண்ணப்பதாரர்களுக்குச் சொன்னேன். இந்தச் சிக்கலை உண்டாக்குவதில் நிறுவனங்களின் பங்கு அவர்களுடையதைவிடப் பெரிது. காலையில் ஆஃபரை அனுப்பிவிட்டு மாலைக்குள் பதில் கேட்டால், ஏற்றுக்கொண்டபின் மனம் மாறுகிறவர்கள் கூடத்தான் செய்வார்கள். 1940களில் அமெரிக்க மருத்துவமனைகள், பயிற்சி மருத்துவர்களைப் பிடிப்பதில் ஒன்றையொன்று முந்திக்கொண்டு, மாணவர்களை யோசிக்க விடாமல் உடனடியாகப் பதில் கேட்டு நெருக்கின. அந்தக் குழப்பம் தாங்காமல்தான் 1952இல், இரு தரப்பின் விருப்பப் பட்டியல்களையும் பெற்று ஒரே நாளில் முடிவை அறிவிக்கும் பொது ஏற்பாட்டுக்கு வந்தார்கள். இப்படி இரு தரப்பாரை ஒருவரோடொருவர் பொருத்துவதற்கு டேவிட் கேல், லாய்ட் ஷாப்லி ஆகிய கணிதவியலாளர்கள் 1962இல் வகுத்த முறையில், வந்த வாய்ப்பை உடனே இறுதியாக்காமல் தற்காலிகமாக வைத்துக்கொண்டு, மேலானது வந்தால் மாற்றிக்கொள்வதே அடிப்படை விதி. ஷாப்லியும் இந்தத் துறையை வளர்த்த பொருளியலாளர் ஆல்வின் ராத்தும் 2012இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

எல்லா வேலைகளுக்கும் அப்படியொரு பொது ஏற்பாடு சாத்தியமில்லை. எனினும், ஆஃபர் லெட்டரில் பதில் சொல்வதற்குக் குறைந்தது ஒரு வாரம் தருவதையும், சரிபார்ப்பு முடிந்ததும் அதைத் தனியாக எழுத்தில் தெரிவிப்பதையும், முதலாமவர் பணியில் சேர்ந்த அன்றே இரண்டாம் இடத்தில் நிறுத்திவைக்கப்பட்டவருக்கு உண்மையைச் சொல்வதையும் நிறுவனங்கள் தங்கள் வழக்கமாக்கிக்கொள்ளலாம். தங்கள் நாளிதழின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் விளம்பரம் தரும் நிறுவனங்களிடம் இந்த மூன்றையும் கேட்டு, அவர்கள் தரும் பதில்களை வெளியிடுமாறு ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்