டார்ஜிலிங்கை ஏழு பாயிண்டுகளாக விற்காதீர்கள்: குழுச் சுற்றுலா அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சுற்றுலா அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டின் பல ஊர்களிலிருந்து டார்ஜிலிங்குக்கும் கேங்டாக்குக்கும் குழுக்களாக ஆட்களை அழைத்துச் செல்லும் உங்கள் எல்லோருக்கும் பொதுவாக இந்த மடலை எழுதுகிறேன். ஒரு மே மாதத்தில் என் தாயாருடன் அப்படி ஒரு குழுவில் நானும் போய் வந்தேன். அழைத்துச் சென்றவர்கள் நேர்மையானவர்கள். சொன்ன அறை, சொன்ன சாப்பாடு, சொன்ன வண்டி எல்லாம் தவறாமல் கிடைத்தன. என் மனக்குறை, உங்களில் பலரும் ஏறக்குறைய ஒரே மாதிரி வைத்திருக்கும் பயணத் திட்டத்தைப் பற்றியது. முதல் நாள் மாலை டார்ஜிலிங் போய்ச் சேர்வது, மறுநாள் விடியுமுன் ‘மூன்று பாயிண்ட்’ (டைகர் ஹில் உள்ளிட்ட மூன்று இடங்களுக்கு ஜீப் சுற்று), காலைச் சிற்றுண்டிக்குப் பிறகு ‘ஏழு பாயிண்ட்’ (ஊரில் ஏழு இடங்களுக்கு இன்னொரு சுற்று), அதற்கு அடுத்த நாள் கேங்டாக் என்ற அந்தத் திட்டத்தில், டார்ஜிலிங் என்ற ஊருக்கு இடமே இல்லை.

அன்று அதிகாலை மூன்று மணிக்கு அறைக் கதவைத் தட்டினார்கள். அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. இரண்டு ஸ்வெட்டர், அதன்மேல் சால்வை, காதை மூடிய மஃப்ளருடன் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். கஞ்சன்ஜங்கா சிகரத்தின் மேல் சூரியோதய ஒளி படுவதைப் பார்க்கப் போகும் டைகர் ஹில் ஊரிலிருந்து பதினோரு கிலோமீட்டர்தான். ஆனால் வழியில் உள்ள கூம் என்ற சிற்றூரைத் தாண்டியதும் முன்னும் பின்னும் கண்ணுக்கெட்டிய வரை ஜீப்புகளின் சிவப்பு விளக்குகளே தெரிந்தன. உச்சிக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போதே வண்டி நின்றுவிட்டதால் இறங்கி இருட்டில் நடந்தோம். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார். 2,590 மீட்டர் உயரத்தில் மூச்சு வாங்காமல் என்ன செய்யும்? மேலே பிளாஸ்கில் காபி விற்றுக்கொண்டிருந்த பெண்மணி ஒருவர், கேட்காமலேயே தன் முக்காலியை எடுத்து அம்மாவுக்குப் போட்டார். பொழுது விடிந்து வெளிச்சம் வந்தது, மலை வரவில்லை. மூடுபனிக்குள் நூற்றுக்கணக்கானவர்கள் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றுவிட்டுத் திரும்பினோம்.

பனிக்கு யாரும் பொறுப்பல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் பள்ளி விடுமுறையை ஒட்டி ஏப்ரல், மே மாதங்களில் ஆட்களைச் சேர்க்கும்போது, உங்கள் துண்டறிக்கையில் ‘தங்கமாய் மின்னும் கஞ்சன்ஜங்கா சூரியோதயம்’ என்று அச்சிடுவதற்கு நீங்கள்தாம் பொறுப்பு. அந்த மாதங்களில் புழுதிமூட்டமும் மேகமும் மலையை மறைப்பதே அதிகம். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மழை. தெளிந்த வானத்தை ஓரளவு நம்பக்கூடிய காலம் அக்டோபர் பிற்பகுதியிலிருந்து டிசம்பர் வரைதான். எவரெஸ்டும் தெரியும் என்று சொல்கிறீர்கள். வானம் துல்லியமாக இருக்கும் நாளில் அது தெரியும் என்பது உண்மையே. ஆனால் அருகில் இருக்கும் மகாலு என்ற சிகரம் அதைவிடப் பெரிதாகத் தெரிவதால், மகாலுவைப் பார்த்துவிட்டு எவரெஸ்டைப் பார்த்ததாக வீடு திரும்புகிறவர்கள் பலர். இதை ஒரு வரியில் முன்கூட்டியே சொல்லிவிட்டால் உங்கள் வியாபாரம் கெட்டுவிடாது. மேலும், அத்தனை ஜீப்புகளும் விடியுமுன் நுழைவது 1915-இல் அமைக்கப்பட்ட செஞ்சல் வனவிலங்குச் சரணாலயத்துக்குள் என்பதையும் பயணிகளுக்குச் சொல்ல வேண்டும்.

அன்று அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனதால், குழு கேங்டாக் புறப்பட்ட பிறகு நாங்கள் இருவரும் ஒரு நாள் கூடுதலாகத் தங்கினோம். இரவு நல்ல மழை. மறுநாள் ஆறு மணிக்கு, அறையிலிருந்து பத்து நிமிட நடையில் உள்ள சௌரஸ்தா என்ற ஊர்ச் சதுக்கத்துக்குப் போய், அங்கிருந்து அப்சர்வேட்டரி குன்றைச் சுற்றிப் போகும் மால் ரோட்டில் மெதுவாக நடந்தோம். பெரிய ஏற்றம் கிடையாது, வண்டித் தொல்லை கிடையாது, உட்காருவதற்கு இருக்கைகள் உண்டு. குன்றின் வடபுறம் திரும்பியதும் அம்மா நின்றுவிட்டார். மழை கழுவிவிட்ட வானத்தில், 8,586 மீட்டர் கஞ்சன்ஜங்கா முழுமையாக எதிரே இருந்தது. கையில் ஜபமாலையுடன் நடந்து வந்த உள்ளூர்ப் பாட்டி ஒருவர் அம்மாவைப் பார்த்துச் சிரித்து, மலையை நோக்கிக் கை கூப்பிக் காட்டினார். அம்மாவும் கும்பிட்டார்.

அந்தக் குன்றின் மேல்தான் மகாகாள் கோயில் இருக்கிறது. 1765-இல் அங்கே எழுந்த தோர்ஜே லிங் என்ற பௌத்த மடத்தின் பெயரே ஊர்ப் பெயரானது. கூர்க்கா படையெடுப்பில் மடம் அழிந்து இடம் மாறிவிட்டாலும், இன்றும் அந்தச் சன்னதியில் இந்துப் பூசாரியும் பௌத்த லாமாவும் சேர்ந்தே வழிபாடு நடத்துகிறார்கள். ஊருக்குப் பெயர் தந்த இடம் எங்கள் திட்டத்தில் இல்லவே இல்லை.

திட்டத்தில் இருந்த இடங்களும் அவசரத்தில் வீணாயின. பத்மஜா நாயுடு விலங்கியல் பூங்காவுக்கும் அதன் வளாகத்துக்குள்ளேயே இருக்கும் மலையேற்றப் பயிற்சி நிறுவனத்துக்கும் சேர்த்து எங்களுக்குக் கொடுத்தது ஒன்றரை மணி நேரம். 1958-இல் தொடங்கிய அந்தப் பூங்கா, பனிச்சிறுத்தையையும் சிவப்புப் பாண்டாவையும் இனப்பெருக்கம் செய்து காப்பாற்றிவரும் இடம். சிவப்புப் பாண்டா மரக்கிளையில் சுருண்டு தூங்கும். அது எழுந்து ஒரு மூங்கில் இலையைக் கையில் பிடித்துத் தின்பதைப் பார்க்க அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். எங்கள் குழு பார்த்தது வாலை மட்டும். மலையேற்ற நிறுவனமோ, எவரெஸ்டில் முதலில் கால் வைத்த இருவரில் ஒருவரான டென்சிங் நோர்கே, அடுத்த ஆண்டே, 1954-இல், பயிற்சி இயக்குநராகப் பொறுப்பேற்ற இடம். அவருடைய நினைவிடமும் அங்கேதான் உள்ளது. இந்த வளாகம் வியாழக்கிழமைகளில் மூடியிருக்கும். அந்தக் கிழமை பாராமல் போட்ட திட்டத்தால் வாசல் வரை வந்து திரும்பிய வேறொரு தமிழ்க் குழுவையும் ஒரு கடையில் சந்தித்தேன்.

ரயிலையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நம் ஊட்டி ரயில் கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. 1881-இல் டார்ஜிலிங்கை எட்டிய இந்த இரண்டடி அகலப் பாதையில் பல்சக்கரமே கிடையாது. வளையமாகச் சுற்றியும், முன்னும் பின்னுமாக நகர்ந்தும், கடைவாசல்களை உரசியபடி 2,258 மீட்டர் உயரத்திலுள்ள கூம் நிலையம் வரை அது ஏறிவிடுகிறது. 1999-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. டார்ஜிலிங்கிலிருந்து கூம் போய்த் திரும்பும் பயணத்துக்கு இரண்டு மணி நேரமே ஆகும். ஆனால் நாங்கள், ரயில் பாதை வட்டமாகச் சுற்றும் பதாசியா வளையத்தில் ஜீப்பை விட்டு இறங்கி, காலியாகக் கிடந்த தண்டவாளத்தைப் படம் எடுத்துக்கொண்டு வந்தோம்.

சொல்லத் தயங்கினாலும் சொல்ல வேண்டிய ஒன்று தண்ணீர். ஊரின் குடிநீருக்கு முக்கிய ஆதாரம் 1910-இலும் 1932-இலும் கட்டிய இரண்டு செஞ்சல் ஏரிகள். அன்றைய சின்ன ஊருக்காகக் கட்டியவை. சரிவுகளில் கொடிபோல ஓடும் குழாய்க் கற்றைகளும், சந்துகளில் வரிசையாக நிற்கும் குடங்களும், காலையில் ஏறிவரும் தண்ணீர் லாரிகளும் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். சமையல் குழுவையும் அண்டா குண்டாக்களையும் உடன் கொண்டுபோவது நமக்கு வசதிதான். எனக்கும் சாம்பார் சாதம் பிடிக்கும். ஆனால் அந்தப் பாத்திரங்களைக் கழுவும் தண்ணீர், விடுதிக்காரர் விலை கொடுத்து வாங்கியது. ஒரு வேளையாவது அங்கே உள்ள சிறு கடைகளில் துக்பா என்ற நூடுல்ஸ் சூப்போ, சைவ மோமோவோ சாப்பிட ஏற்பாடு செய்தால் தண்ணீரும் மிஞ்சும், உள்ளூர்க் குடும்பங்களுக்கும் வருமானம் கிடைக்கும்.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் உயர் நீதிமன்றம் இ-பாஸ் கொண்டுவந்தபோது, நம் மலைகள் எவ்வளவு வண்டியைத் தாங்கும் என்ற கேள்வியை நாம் கேட்டோம். அதே கேள்வியை அடுத்தவர் மலையிலும் கேட்டுக்கொள்ள உங்களை வேண்டுகிறேன். டார்ஜிலிங்குக்கு மூன்று இரவுகள் ஒதுக்குங்கள். டைகர் ஹில்லை விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும் என்று மாற்றி, முதியோருக்கு மால் ரோட்டு நடையை வைத்துக்கொள்ளுங்கள். பூங்காவுக்கு ஒரு முழு முற்பகல் விடுங்கள். ரயிலுக்கு முன்பதிவு செய்து, அந்தக் கட்டணத்தை எங்களிடமே கேளுங்கள், தருகிறோம். அதற்காக ஏழு பாயிண்ட் நான்காகக் குறைந்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

வரும் நவம்பரில் மறுபடி போக வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறார். இப்படி ஒரு திட்டத்தை உங்களில் யார் முதலில் அச்சடித்தாலும் எங்கள் இரண்டு பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
மதுரையிலிருந்து ஒரு பயணி