அண்ணன் தம்பியைப் பார்த்துப் பிறக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் மறந்துபோன இசைத்தட்டுகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பிரிட்டி திங்ஸ் என்ற ஆங்கில ராக் குழுவின் ‘எஸ்.எஃப். சாரோ’ ஆல்பத்துக்குப் பெரிய மனதோடு நான்கு வரி ஒதுக்கியிருந்தீர்கள். அதில் ஒரு வரி, அது தி ஹூ என்ற இன்னொரு ஆங்கிலக் குழுவின் ‘டாமி’ ஆல்பத்தைப் பார்த்துச் செய்த முயற்சி என்கிறது.

‘சாரோ’ இங்கிலாந்தில் வந்தது 1968 டிசம்பரில். ‘டாமி’ வந்தது 1969 மே மாதம். தம்பியைப் பார்த்து அண்ணன் பிறந்த அதிசயத்தைக் கட்டுரையாளர் கொஞ்சம் விளக்கினால் நன்றாக இருக்கும்.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. அமெரிக்காவில் அந்தத் தட்டு 1969-இல்தான், ‘டாமி’ வந்து ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், மோட்டவுன் இசைத்தட்டுக் கம்பெனியின் ரேர் எர்த் என்ற கிளை வழியாக வந்தது. லேட்டாக வந்தவன் காப்பியடித்தவன் ஆனான். அன்றைக்கு அங்கே ஒட்டிய முத்திரையை ஐம்பது வருஷம் தாண்டியும் நாம் துடைத்துத் துடைத்து மறுபடி ஒட்டுகிறோம். தி ஹூவின் பீட் டவுன்செண்ட் ‘சாரோ’வைக் கேட்டுவிட்டுத்தான் ‘டாமி’யை எழுதினாரா என்ற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. காலண்டரைப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

லண்டன் ஆபி ரோடு ஸ்டுடியோவில் பதிவான தட்டு ‘சாரோ’. தயாரித்தவர் நார்மன் ஸ்மித். ‘ரப்பர் சோல்’ வரை பீட்டில்ஸின் ஒலிப்பதிவைப் பார்த்தவர், பிங்க் ஃபிலாய்டின் முதல் ஆல்பத்தைத் தயாரித்தவர். கிட்டார் வாசித்த டிக் டெய்லர், ரோலிங் ஸ்டோன்ஸ் தொடங்கிய புதிதில் அவர்களோடு இருந்தவர். அட்டைப்படத்தைப் பாடகர் ஃபில் மே தானே வரைந்தார். இதில் ஒன்றுக்கும் இடமில்லை. அதே இதழில் பீட்டில்ஸுக்கு மட்டும் முழுப் பக்கம்! நான் சந்தா கட்டத் தொடங்கியபின் இது பதினோராவது. எண்ணிக்கொண்டுதான் வருகிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஆல்பத்தை நான் முதலில் கேட்டது ஒரு மறுபதிப்பு சிடியில். மூலத் தட்டின் உறையில் பாட்டு வரிகளுக்கு நடுநடுவே கதையும் அச்சாகியிருக்கும். செபாஸ்டியன் சாரோ பிறக்கிறான், ஆலைக்கு வேலைக்குப் போகிறான், போருக்குப் போகிறான். அவனைத் தேடி வரும் காதலி ஆகாயக்கப்பல் தீயில் சாகிறாள். கடைசியில் யாரையும் நம்பாத கிழவனாகிறான். என் சிடியை வெளியிட்ட புண்ணியவான்கள் அந்தக் கதையை அப்படியே விட்டுவிட்டார்கள். கப்பல் எரிகிற பாட்டு நல்ல வேகமான பாட்டு. என்ன எரிகிறது என்றே தெரியாமல் நான் ரொம்ப நாள் அதற்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். உண்மை தெரிந்த அன்று வெட்கமாகிவிட்டது. 1998-இல் அதே ஸ்டுடியோவில் குழுவினர் முழு ஆல்பத்தையும் நேரடியாக வாசித்தபோது, கதையைச் சொல்லப் பாடகர் ஆர்தர் பிரவுனை உட்காரவைத்தார்கள். கதை எவ்வளவு முக்கியம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அந்த சிடியின் இன்னொரு கைங்கரியமும் உண்டு. கடைசிப் பாட்டு ஒன்றரை நிமிஷம்தான். மெல்லோட்ரான் என்ற கீபோர்டு, சித்தார் எல்லாம் ஓய்ந்து, ஒரு கிட்டார், களைத்துப்போன குரல், அவ்வளவுதான். முடிந்ததும் கொஞ்ச நேரம் சும்மா இருக்கத் தோன்றும். இருக்க விட்டால்தானே? எழவு வீட்டில் கெட்டிமேளம் மாதிரி உடனே ‘போனஸ்’ பாட்டு தொடங்கிவிடுகிறது. இதைப் பற்றி முன்பே தங்களுக்கு இரண்டு பக்கம் எழுதினேன். கடைசிப் பாட்டைப் பற்றிய பகுதியை வெட்டிவிட்டு மூன்று வரி மட்டும் போட்டீர்கள். இட நெருக்கடி என்றீர்கள். சரி.

இப்போது கேட்பதும் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரே ஒரு வரித் திருத்தம்: ‘1968 டிசம்பர்’. ராசிபலனுக்குக் கீழே போட்டாலும் போதும்.

கட்டுரையாளரிடம் தட்டு இல்லையென்றால் சொல்லுங்கள், என்னுடைய சிடியை அனுப்பிவைக்கிறேன். பதின்மூன்றாவது பாட்டு முடிந்ததும் நிறுத்திவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் பழைய சந்தாதாரர்