சிங்க் கரைவது பற்றி நம் படகு வாடிக்கையாளர்களுக்கு

சிவமயம்
காரைக்குடி

அன்புள்ள விசைப்படகு உரிமையாளர்களுக்கு, வணக்கம்.

தொண்டி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கமிருந்து கடலே இல்லாத இந்த ஊருக்கு பஸ் ஏறி வந்து படகுச் சாமான் வாங்குகிறீர்கள். அப்பா காலத்திலிருந்து வருகிறவர்களும் உண்டு. அந்த நன்றி மறக்காது. அதனால்தான் புரொப்பல்லர் பக்கத்தில் மாட்டும் துத்தநாகக் கட்டி, அதாவது சிங்க், பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றும் படத்துக்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

“காரைக்குடிக் கடை சிங்க், தடைக்காலம் முடியறதுக்குள்ள கரைஞ்சு போச்சு, கலப்பட சரக்கு” என்று போட்டிருக்கிறார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள் அண்ணே. போல்ட்டைச் சுற்றிக் கொஞ்சூண்டு சிங்க்தான் மிச்சம். பக்கத்திலேயே வெண்கலப் புரொப்பல்லர், ஒரு புள்ளி அரிப்பு இல்லை. சிங்க் நேர்ந்துவிட்ட கிடா. புரொப்பல்லர் அரிக்காமலிருக்க, அதற்குப் பதிலாக இது போகத்தான் மாட்டுகிறோம். இரும்பு கலந்த மட்டச் சரக்குதான் மேலே படலம் கட்டிக் கரையாமல் கிடக்கும், புரொப்பல்லர் போய்விடும். 1953-இல் திறந்த சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்கிற ஊர் இது. வள்ளல் அழகப்பர் இடம் கொடுத்து, அரிப்பையும் ஆராய விஞ்ஞானிகள் உட்கார்ந்திருக்கும் ஊரில் கலப்பட சிங்க் விற்றுப் பிழைக்க முடியுமா?

சீக்கிரம் கரைந்ததற்குக் காரணம் வேறு. மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை படகு கட்டிக் கிடக்கிறது. பேட்டரி சார்ஜுக்குக் கரை கரண்ட் இழுத்து இரவு பகலாக விட்டுவிடுகிறோம். அந்த வயரில் வரும் எர்த், லைனில் உள்ள அத்தனை படகையும் ஒன்றாகக் கோத்துவிடும். நடுவில் உப்புத் தண்ணீர். மொத்தமும் ஒரு பேட்டரிதான். பக்கத்து இரும்புப் படகில் சிங்க்கே இல்லையென்றால், உங்கள் சிங்க் அவருக்கும் சேர்த்துக் கரையும்.

இதற்காக எர்த்தை வெட்டிவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். லீக்கேஜ் வந்தால் படகில் இருப்பவருக்கும் தண்ணீரில் இறங்குபவருக்கும் உயிர் போகும். எர்த் லைனில் கால்வானிக் ஐசொலேட்டர் போடுங்கள். உள்ளே எதிரெதிராக டயோடுகள் (ஒரு பக்கம் மட்டும் கரண்ட் விடும் சாமான்), சுமார் 1.2 வோல்ட் வரை டிசியை, அதாவது பேட்டரி மாதிரி ஒரே திசையில் ஓடும் கரண்டை, அடைத்துவிடும். சிங்க்குக்கும் வெண்கலத்துக்கும் நடுவே வருவது 1 வோல்ட்டுக்கும் குறைவுதான். ஷார்ட் ஆனால் மட்டும் கரண்ட் வழக்கம்போல எர்த்துக்குப் போய்விடும். சிங்க் மேல் பெயிண்ட் அடிக்காதீர்கள், பாதி கரைந்ததும் மாற்றிவிடுங்கள்.

ஐசொலேட்டர் விலை கொஞ்சம் ஏறியிருக்கிறது. மாட்டித்தர வந்த தம்பி சிங்கப்பூர் போய்விட்டதால் எலக்ட்ரீசியனை நீங்களே பார்த்துக்கொள்ளவும்.

படம் போட்ட அண்ணனும் அந்த மிச்சத் துண்டோடு கடைக்கு வரட்டும், காபி சாப்பிட்டுக்கொண்டே பேசலாம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்