டயர் ஒன்றுதான், பலன் ஒன்றல்ல

எஃப்ஐஏ உலக மோட்டார் விளையாட்டு கவுன்சில் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தில் டயர் கம்பெனிகள் ஒன்றோடொன்று மோதிய பழைய போட்டியைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை. 2005 இண்டியானாபோலிஸ் இன்னும் நினைவிருக்கிறது. மிச்செலின் டயர் அங்கே தாங்காது என்று தெரிந்து, 14 கார்கள் பந்தயத்துக்கு முந்தைய ஃபார்மேஷன் சுற்று முடிந்த கையோடு, கார்களைப் பழுதுபார்க்கும் பிட்டுக்குள் ஒதுங்கின. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட 6 கார்கள் மட்டும் ஓடின. அதையா பந்தயம் என்பது? 2007-இல் எல்லோருக்கும் ஒரே டயர் என்றானபோது நானும் நல்லது என்றே நினைத்தேன்.

ஆனால் டயர் பொதுவானால் நியாயமும் பொதுவாகிவிடும் என்று நீங்கள் நம்புவதுதான் இடிக்கிறது. அதே டயரை ஒரு கார் பதமாகத் தேய்க்கும், இன்னொன்று பொசுக்கிவிடும். டயரின் உள்கட்டமைப்பில் கைவைத்தால் யார் முன்னே, யார் பின்னே என்பதே மாறும்.

2013-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சில்வர்ஸ்டோனில் முதலிடத்தில் போய்க்கொண்டிருந்த ஹாமில்டனின் இடது பின் டயர் வெடித்தது. அடுத்து மாசா, வெர்ன், பெரெஸ் ஆகியோரின் டயர்களும். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், ஏதாவது செய்தே ஆகவேண்டும். சரி. அடுத்த வாரமே ஜெர்மனியில் பின் டயருக்குக் கெவ்லர் என்ற உறுதியான இழைப் பட்டை வந்தது. இடது டயரை வலப்பக்கம் மாற்றி மாட்டும் தந்திரத்துக்கும் தடை வந்தது. அங்கே எந்த டயரும் அப்படி வெடிக்கவில்லை. அத்தோடு விட்டிருக்கலாம். ஹங்கேரிக்கு 2012-இன் கட்டமைப்பையே திரும்பக் கொண்டுவந்தார்கள்.

ஃபோர்ஸ் இந்தியா அணி டயரை மென்மையாகக் கையாளும் காரைக் கட்டியிருந்தது. முதல் 9 பந்தயங்களில் 59 புள்ளிகள். மீதி 10 பந்தயங்களில் வெறும் 18. மறுபுறம் ரெட்புல் அணியின் வெட்டல் பெல்ஜியம் தொடங்கி கடைசி 9 பந்தயங்களையும் வரிசையாக வென்றார். ரெட்புல் எப்படியும் வென்றிருக்கலாம், வேகமான கார்தான். என்றாலும், அந்த டயருக்கென்றே காரை வடிவமைத்தவர்களின் உழைப்பு பாதி சீசனில் வீணானது நிஜம்.

இரண்டு கம்பெனிகள் இருந்தபோது சின்ன அணிக்கும் ஒரு சந்து கிடைத்தது. 1997-இல், இதே ஹங்கேரியில், குட்இயர் போட்டவர்கள் திணற, பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆரோஸ் காரில் டேமன் ஹில் கடைசிச் சுற்றுவரை முன்னே இருந்தார். ஹைட்ராலிக் கோளாறு மட்டும் வராதிருந்தால்!

அந்தச் சந்தை அடைத்தாயிற்று. அப்படியானால் மிச்சமிருக்கும் ஒரே கதவின் சாவியை வைத்திருப்பவர்கள் ரொம்பக் கவனமாக இருக்கவேண்டும். சீசன் நடுவே டயரை மாற்றுவதென்றால் பாதுகாப்புக்குத் தேவையான அளவோடு நிறுத்துங்கள். காற்றழுத்தம், கேம்பர் (சக்கரத்தின் சாய்வுக் கோணம்) ஆகியவற்றைக் கட்டுப்படுத்தி ஏன் சமாளிக்க முடியாது என்பதை, சோதனை விவரங்களோடு, எல்லா அணிகளுக்கும் ஒரே நாளில் எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பந்தய ரசிகன்