எண் இல்லாத அலமாரிகள்

சாண்ட்லர், அரிசோனா
ஜூன் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். உங்களுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? இங்கே வெயில் 43 டிகிரி. வேலூர் வெயிலைத் திட்டியதெல்லாம் வாபஸ். பகலில் தலைகாட்ட முடியாததால் நானும் குட்டியும் நூலகமே கதியென்று கிடக்கிறோம்.

முப்பது வருஷம் கிளை நூலகத்தில் புத்தக முதுகில் எண் எழுதி ஒட்டியவர் நீங்கள். கோபப்படாமல் படியுங்கள். பக்கத்து ஊர் கில்பர்ட்டில் பெர்ரி கிளை நூலகம் என்று ஒன்று. 2007இல் திறக்கும்போதே, நீங்கள் ஒட்டிய அதே டியூவி எண்கள், பொருளுக்கு ஓர் எண் என்ற அந்த முறையே வேண்டாமென்று திறந்தார்கள். அமெரிக்கப் பொது நூலகங்களில் அதுதான் முதல். புத்தகக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் தலைப்புகளையே எடுத்துக்கொண்டார்கள்: சமையல், தோட்டம், பயணம், வரலாறு.

முதலில் எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் வீட்டுப் பின்னால் முருங்கை வைத்திருக்கிறேன் அல்லவா, அதற்காகப் பாலைவனச் செடிகள் பற்றிப் புத்தகம் தேடினேன். உங்கள் நூலகமாக இருந்தால் காய்கறித் தோட்டம் 635, பூச்சி 632, தோட்ட அமைப்பு 712 என்று அலைய விட்டிருப்பீர்கள். இங்கே எல்லாம் ஒரே இடத்தில். தேடிப் போனது ஒன்று, எடுத்து வந்தது நான்கு. குட்டிக்கு இன்னும் எழுத்துக்கூட்டத் தெரியாது. டைனோசர் படம் ஒட்டிய பெட்டிக்கு நேராக ஓடுகிறாள். 567.9 என்றால் அவளுக்கு என்ன தெரியும்?

சரி, மறுபக்கமும் சொல்கிறேன். உங்களுக்காகச் சர்க்கரை நோயாளிகளின் சமையல் புத்தகம் ஒன்றைத் தேடினேன். 'உடல்நலம்' பக்கம் அரை மணி நேரம் போனது. இருந்தது 'சமையலில்'. டியூவியிலும் அது 641.5 வரிசையில், சமையலோடுதான் இருக்கும், இல்லையா? ஆனால் எண் இருந்தால் நேராக அந்தப் புத்தகத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தும். 'சமையல்' என்ற சொல் ஒரு சுவரின் முன்னால் நிறுத்திவிட்டுப் போய்விடுகிறது.

டியூவிக்காக அழுகிறேன் என்று நினைக்காதீர்கள். நீங்களே எத்தனை முறை புலம்பியிருக்கிறீர்கள்! மதங்களுக்கான 200இல் பெரும்பகுதி கிறிஸ்தவத்துக்கு, மற்ற மதங்களெல்லாம் 290க்குள் நெருக்கியடித்துக்கொண்டு. ஆங்கில இலக்கியத்துக்கு 820, நம் தமிழுக்கு 894.811. அந்தப் புள்ளிக்குப் பின்னால் சங்க இலக்கியம் முழுவதும் உட்கார வேண்டும். உங்கள் நூலகத் துறையின் மேதை, நம் சீர்காழி ரங்கநாதன், டியூவிக்குப் பதிலாகக் கோலன் பகுப்பு என்று வேறொரு முறையை 1933இல் கொண்டுவந்ததில் ஆச்சரியமே இல்லை.

நூலகங்களுக்கு அவர் வகுத்த விதிகளில் நான்காவதை நீங்கள் மேஜைக்கு மேல் எழுதி வைத்திருந்தீர்கள்: வாசகரின் நேரத்தைச் சேமி. வேடிக்கை பார்க்க வருகிறவருக்கு இந்தக் கடை முறை நேரத்தைச் சேமிக்கிறது. குறிப்பிட்ட ஒரு புத்தகத்துக்காக வருகிறவரிடம் பிடுங்குகிறது. சின்னக் கிளைக்கு இது போதும். சென்னை கன்னிமாரா மாதிரிப் பெரிய நூலகத்தில் செய்தால் புத்தகம் தொலைந்த மாதிரிதான். என்னைக் கேட்டால் அலமாரிக்கு மேலே பெரிய எழுத்தில் சொல், முதுகில் எண், இரண்டும் இருக்கட்டும்.

அந்தச் சமையல் புத்தகத்திலிருந்து இரண்டு பக்கம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அம்மாவிடம் காட்டுங்கள். ஓட்ஸ் என்றதும் முகம் சுளிப்பாள், தெரியும்.

அன்புடன்,
உங்கள் மகள்